அஸ்தி கரைக்க ஓடை கேட்கிறோம், அவர்கள் கூடாது என்கிறார்கள்

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மேற்குப் பகுதியில் நெடுங்காலமாக வசிக்கிறேன். எங்கள் பகுதியிலுள்ள பழைய மாநகர மயானத்தை மறுவடிவமைக்கப் போகிறார்கள். இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் நம்பிக்கைகளையும் குடியேறிய சமூகங்களின் இறுதிச் சடங்குகளையும் மதித்துச் செய்வதாகச் சொல்லி ஓர் ஆலோசனைக் குழு அமைத்து, இந்துக்கள் சார்பில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் பெரியவர்கள் மூன்று கோரிக்கைகள் எழுதித் தந்தார்கள். சைவர்களுக்குத் தனிப் பகுதி வேண்டும். மயானத்தின் ஓரமாகப் போகும் ஓடையில் அஸ்தி கரைக்கப் படித்துறை வேண்டும். மரணக் கிரியையான அந்தியேட்டிக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் சமைத்துப் படைக்க மயானத்துக்குள்ளேயே மண்டபம் வேண்டும். முதல் கூட்டத்திலேயே மாவோரிப் பிரதிநிதி படித்துறைக்கு ஒப்பவில்லை. உணவு என்றதும் முகம் மாறிவிட்டது. "நாங்களும்தானே வரி கட்டுகிறோம்" என்று எங்கள் ஆட்கள் கொதிக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் நான் என்ன பேசுவது?

– வாசகி, ஆக்லாந்து

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

படித்துறைக் கோரிக்கையை நீங்களாகவே திரும்பப் பெற்றுவிடுங்கள். மற்ற இரண்டையும் வேறு மாதிரி எழுதிக்கொண்டு போங்கள். பெரியவர்களுக்கு இது கசக்கும். ஆனால் மயானங்களையும் பூங்காக்களையும் வடிவமைத்துப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த மூன்றும் அப்படியே கிடைத்தாலும் உங்கள் சனங்கள் அங்கே படும் சிரமம் குறையாது. அவர்கள் கேட்கத் தவறிய சில சாதாரண விஷயங்களில்தான் சிரமமே இருக்கிறது.

முதலில் ஓடை. மாவோரிகளுக்கு ஓடை என்பது சோறு போடும் இடம். விலாங்கு பிடிப்பது அதில்தான். கீரை பறிப்பது அதன் கரையில். அது கடலோடு சேரும் சேற்றில்தான் சிப்பி பொறுக்குவார்கள். இறந்தவரின் உடலோடு தொடர்புள்ள எல்லாமே அவர்கள் மரபில் தாபு. புனிதமும் ஆபத்தும் ஒன்றாகக் கலந்த, விலகி நின்று மதிக்க வேண்டிய நிலை அது. உணவு இதற்கு நேர் எதிரே நிற்பது. இந்த இரண்டும் கலக்கக் கூடாது என்பது அவர்கள் வாழ்க்கை முறையின் அடித்தளம். எரித்துச் சாம்பலானாலும் உடல் உடல்தான். அதை ஓடையில் விட்டால் நீரின் உயிர்ப்பு கெடும், அந்த நீரில் வளர்வதை உண்ண முடியாது. கூட்டத்தில் அந்தப் பிரதிநிதி சொன்னதை ஒரு தனிமனிதரின் வீம்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் தலையாட்டியிருந்தால் ஊருக்குப் போய்ப் பதில் சொல்ல முடியாமல் தவித்திருப்பார்.

சட்டமும் அவர் பக்கம்தான் சாய்கிறது. தங்கள் மூதாதையரின் நிலம், நீர், புனித இடங்கள் ஆகியவற்றோடு மாவோரிகளுக்கு உள்ள உறவை 1991ஆம் ஆண்டின் வள மேலாண்மைச் சட்டம் தேசிய முக்கியத்துவம் உள்ள விஷயங்களின் பட்டியலிலேயே வைத்தது. 2017இல் வாங்கனுயி ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராகவே அந்த நாட்டு நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட நாட்டில் ஓர் ஓடைக்குப் படிக்கட்டு கட்ட, அதற்கு உரியவர்களைத் தாண்டி எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார். வரி கட்டுகிறோம் என்ற வாதம் கூடத்துக்கும் குழாய்க்கும் வாகன நிறுத்தத்துக்கும் செல்லும். ஓடை வரிப்பணத்தில் வெட்டிய வாய்க்கால் இல்லையே.

தொழில்முறையில் இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பெரியவரின் அஸ்தி இரண்டு, மூன்று கிலோ இருக்கும். பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட், கூடவே உப்பு. காரத்தன்மை மிக அதிகம். மழைக்காலக் காவிரிக்கு அது ஒன்றுமே இல்லை. கோடையில் கணுக்கால் அளவு ஓடும் புறநகர் ஓடைக்கு, வாரத்துக்கு நான்கு குடும்பம் என்று வரத் தொடங்கினால், அது தாங்காது. மாலை, தேங்காய், பட்டுத்துணி, பிளாஸ்டிக் பை எல்லாம் கூடவே போகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உங்கள் பெரியவர்களிடம் இந்தச் சட்டத்தையும் வேதியியலையும் விரித்துப் பேசுவதைவிட ஒரு கப்பலின் கதையைச் சொல்லலாம். நியூசிலாந்தின் தங்கச் சுரங்கங்களுக்கு வந்து இறந்த சீனர்களின் எலும்புகளைச் சொந்த ஊரில் அடக்கம் செய்வதற்காக, 1902இல் வென்ட்னர் என்ற கப்பலில் 499 பேருடைய எச்சங்களை ஏற்றி அனுப்பினார்கள். பல மயானங்களிலிருந்து தோண்டியெடுத்து, பெயர் எழுதி, பெட்டியிலிட்டு அனுப்பியவை. கப்பல் வடக்கே ஹொக்கியாங்காவுக்கு அப்பால் மூழ்கிப்போனது. பின்னர் அந்தக் கரையில் எலும்புகள் ஒதுங்கின. அங்கிருந்த தே ரொரோவா, தே ராராவா என்ற மாவோரிக் குலத்தினர் அவற்றை எடுத்துத் தங்கள் முன்னோரோடு சேர்த்து அடக்கம் செய்தார்கள். யார், எந்த மதம், எந்த நாடு என்று அவர்கள் பார்க்கவில்லை. அந்த நினைவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தும் வந்தார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, 2013இல் சீன வழித்தோன்றல்கள் அங்கே போய் நன்றி சொன்னார்கள். அந்நியரின் இறந்தவர்களை இந்த மண்ணின் மக்கள் எப்படி நடத்தினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அவர்கள் 'ஓடை வேண்டாம்' என்று சொல்வதை 'நீங்கள் வேண்டாம்' என்று உங்கள் ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

சரி, அஸ்தியை என்ன செய்வது? உங்கள் பகுதியில் பத்துக் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பகுதியை யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்கோ ராமேசுவரத்துக்கோ கொண்டுபோகத்தான் பெரும்பாலானவர்கள் நினைப்பார்கள். விடுமுறை, டிக்கெட், விசா, கூடப்பிறந்தவர்களின் வசதி எல்லாம் ஒத்துவருவதற்குள் ஆறு மாதம், ஒரு வருடம் ஓடிவிடும். அதுவரை அந்தக் கலசம் எங்கே இருக்கிறது? வீட்டுக்குள் வைக்க மனம் ஒப்பாது. கார் நிறுத்தும் கொட்டகையில், அலமாரியின் மேல் தட்டில், பழைய சூட்கேஸுக்குப் பக்கத்தில் இருக்கும். இறந்தவருக்கு இதைவிட அவமரியாதை உண்டா? ஆகவே நீங்கள் மாநகராட்சியிடம் கேட்க வேண்டியது கலசம் காக்கும் அறை. பூட்டுள்ள மாடங்கள், ஒரு விளக்கு, உட்கார ஒரு திண்ணை, வெள்ளிக்கிழமை மாலை வந்து பார்க்க அனுமதி. செலவு குறைவு. யாருடைய நம்பிக்கைக்கும் இடையூறு இல்லை. உங்களோடு சேர்ந்து குஜராத்திகளும் நேபாளிகளும் ஃபிஜி இந்தியர்களும் இதை ஆதரிப்பார்கள்.

அங்கேயே கரைத்தாக வேண்டும் என்ற குடும்பங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, கடல் வற்றும்போது இறங்கும் நீரோடு கடலுக்குப் போய்விடும்படியான ஓர் இடம். அதை நீங்கள் வரைபடத்தில் காட்டாதீர்கள். 'எங்களுக்கு ஓடும் நீர் இல்லாமல் நீர்க்கடன் முடியாது. உங்கள் உணவுக்கும் இறந்தவருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம் எது என்று நீங்களே காட்டுங்கள்' என்று மண்ணுக்கு உரியவர்களிடமே கேளுங்கள். 'கூடுமா, கூடாதா' என்று கேட்டால் 'கூடாது' என்பது மட்டும்தான் பதிலாக வரும். இரண்டாவது வழி, மயானத்துக்குள் கல் பாவிய ஒரு வாய்க்கால். குடத்திலிருந்து ஊற்றும் நீரோடு அஸ்தி அதில் ஓடி, ஓடைக்குப் போகாமல், செடிகள் நட்ட ஒரு மண்படுகையில் இறங்கிவிடும். காரத்தைத் தாங்கும் மண்ணும் செடியும் தேர்ந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணை மாற்றினால் போதும். சாஸ்திரப்படி இது போதுமா என்று நான் சொல்லக் கூடாது. உங்கள் குருக்களைக் கேளுங்கள். இடம் பார்த்துச் செய்யும் குருக்களானால் வழி சொல்வார்.

தனிப் பகுதிக்கு வருகிறேன். இந்த ஆசை நம்முடையது மட்டுமில்லை, விக்டோரியா காலத்து ஆங்கிலேயருடையதும்தான். உங்கள் ஊரின் வைக்குமெத்தே மயானம் 1886இல் திறக்கப்பட்டபோது ஆங்கிலிக்கர், கத்தோலிக்கர், பிரஸ்பிடேரியன், யூதர் என்று கட்டம் கட்டித்தான் பிரித்தார்கள். 108 ஹெக்டேர், நாட்டிலேயே பெரியது. பிணங்களைக் கொண்டுவர நகரத்திலிருந்து ரயில் விட்டார்கள். 1918 விஷக்காய்ச்சலின்போது அந்த ரயிலில்தான் சவப்பெட்டிகள் வந்து இறங்கின. அந்தக் கட்டங்களின் மீதே இன்றுவரை ஒவ்வொரு புதிய சமூகமும் இன்னொரு கட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறது. இடம் தீர்ந்துகொண்டே வருகிறது.

சைவர்கள் பெரும்பாலும் எரிக்கிறவர்கள். எரிப்பவர்களுக்குத் தனி நிலம் எதற்கு என்று ஓர் அதிகாரி கேட்டால் உங்களிடம் பதில் இருக்கிறதா? பெயர்ப் பலகை வைக்க என்றால் ஒரு சுவர் போதும். இதில் எனக்கு ஒரு கசப்பும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. தமிழ்நாட்டில் சாதிக்கொரு சுடுகாடு. 2019இல் வேலூர் மாவட்டத்தில், வயல் வழியே போக விடாததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். ஈழத்துச் சுடலைகளின் கதையும் உங்களுக்குத் தெரியும். கடல் தாண்டிப் போயும் 'எங்களுக்கென்று தனியாக' என்று பெரியவர்கள் கேட்கும்போது, யாரிடமிருந்து தனியாக என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

உண்மையாகவே நிலம் தேவைப்படுகிறவர்கள் நம்மில் உண்டு. சிறு குழந்தைகளை நாம் எரிப்பதில்லை. பிறக்கும்போதே இறந்த பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும் இளம் பெற்றோரைப் பற்றி அந்த மூன்று கோரிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. குழந்தைகளுக்கான பகுதி எல்லா மதத்தவருக்கும் பொதுவாக, நிழலாக, பாதையிலிருந்து சற்று விலகி இருக்கட்டும் என்று கேளுங்கள். பெரியவர்களைப் புதைக்கும் வழக்கமுள்ள குடும்பங்களும் உண்டு. கிறித்தவத் தமிழர்களையும் முஸ்லிம் தமிழர்களையும் இந்த விஷயத்தில் கலந்து பேசினீர்களா? 'இந்துப் பிரதிநிதி' என்ற நாற்காலியில் உட்கார்ந்தாலும் நீங்கள் தமிழச்சிதானே.

அடுத்தது உணவு. இதில் இரு தரப்பும் ஒன்றையே சொல்லிக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். மாவோரிகளின் இறுதிச் சடங்கான தங்கிஹங்கா பெரும்பாலும் மூன்று நாள் நடக்கும். உடல் மராய் என்ற ஊர்க்கூடத்தில் கிடத்தப்பட்டிருக்கும்போது ஒரு கணம்கூடத் தனியாக விட மாட்டார்கள். அழுவார்கள், பேசுவார்கள், இறந்தவரை நேரே பார்த்துத் திட்டவும் செய்வார்கள். அடக்கம் முடிந்து மயானத்தைவிட்டு வரும்போது நீரால் கை கழுவுவார்கள். அதன்பின் பெரிய விருந்து. அந்த உணவுதான் அவர்களை இறப்பின் பிடியிலிருந்து மறுபடி அன்றாட வாழ்வுக்குக் கொண்டுவருகிறது. நாம் என்ன செய்கிறோம்? உடல் வீட்டைவிட்டுப் போகும்வரை அடுப்பு எரிவதில்லை. சுடலையிலிருந்து வந்து, முழுகி, அதன்பிறகே சாப்பாடு. அவர்களுடைய தாபுவும் நம்முடைய துடக்கும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். நமக்கு அது தீட்டு, அவர்களுக்கு அதில் புனிதமும் உண்டு. ஆனால் மண், பிறகு நீர், பிறகு உணவு என்ற வரிசை இருவருக்கும் ஒன்றுதான். எனவே மண்டபத்தைக் கேளுங்கள். ஆனால் கல்லறைகளுக்கு நடுவில் கேட்காதீர்கள். வாயிலுக்கு வெளியே, கழுவுமிடத்தைக் கடந்தபின் வரும்படி கேளுங்கள். அதன் அடுக்களைக் கழிவுநீர் கல்லறைப் பக்கமோ ஓடைப் பக்கமோ போகக் கூடாது. கழிப்பறையும் கல்லறைகளுக்கு மேட்டில் இருக்கக் கூடாது. மாவோரிப் பிரதிநிதி முதலில் பார்ப்பது இந்தக் குழாய்கள் போகும் திசையைத்தான்.

எல்லாம் இவ்வளவு சுலபமாகப் பொருந்திவிடாது. ஏப்ரல் தொடக்கத்தில் சிங்மிங் நாளில் சீனக் குடும்பங்கள் கல்லறைக்கு எதிரிலேயே உணவும் பழமும் படைத்து, காகிதம் எரித்து, அங்கேயே உண்பதும் உண்டு. இது மாவோரி முறையோடு எந்த வகையிலும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகச் செய்ய முயலவும் வேண்டாம். மாவோரிகளுக்கான உருப்பா என்ற இடுகாடு தனி வாயிலோடும், மண்மேடும் அடர்ந்த நாட்டு மரங்களும் சூழவும் இருக்க வேண்டும். சீனர்களின் வழி அதைத் தொடாமல் போக வேண்டும். இதற்குத் தீர்வு தூரம்தான். மேலே தனிப் பகுதி எதற்கு என்று கேட்ட நானே இங்கே தனிப் பகுதி கேட்கிறேன் என்று உங்கள் பெரியவர்கள் மடக்கக்கூடும். மண்ணுக்கு உரியவர் தன் முன்னோருக்குக் கேட்கும் இடமும், வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து விலகக் கேட்கும் இடமும் எனக்கு ஒன்றாகப் படவில்லை.

நான் மிகவும் அக்கறைப்படுவது தகன மண்டபத்தைப் பற்றி. நியூசிலாந்தில் முதல் தகனக்கூடம் 1909இல் வெலிங்டனின் கரோரியில் வந்தது. அப்போதிலிருந்தே இந்தக் கட்டடங்கள் ஆங்கிலேய மனநிலைக்காகக் கட்டப்பட்டவை. பாட்டு முடியும், திரை மூடும், பெட்டி மறையும், உறவினர் தேநீருக்குப் போவார்கள். நெருப்பை யாரும் பார்க்காமல் இருப்பதே அதன் வடிவமைப்பு. நமக்கோ நெருப்பைப் பார்ப்பதுதான் கடமை. மகனோ மகளோ கொள்ளி வைக்க வேண்டும். அது இன்று ஒரு பொத்தானை அழுத்துவதாகச் சுருங்கிவிட்டாலும், அழுத்தும் இடத்தில் நிற்க வேண்டும். பல கூடங்களில் இதற்காகக் கடைசியில் சேர்த்த அறை, பழுது பார்ப்பவர் நிற்கும் இடுக்காக இருக்கும். நான்கு பேருக்குமேல் நிற்க முடியாது, மற்றவர்கள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே இவற்றை எழுதிக்கொண்டு போங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. உடலை மூன்று முறை சுற்றிவர நான்கு புறமும் இடம் வேண்டும். சவப்பெட்டி மேடை சுவரோடு ஒட்டியிருக்கக் கூடாது. கொள்ளிக்குடத்தில் துளையிட்டு நீர் சிந்தச் சிந்தச் சுற்றி, கடைசியில் குடத்தைப் போட்டு உடைப்போம். தரைவிரிப்பு போட்ட கூடத்தில் அதைச் செய்துவிட்டு ஊழியரின் முகத்தைப் பார்க்க முடியாது. எனவே வழுக்காத கல் தரையும், நடுவில் நீர் வடிய வழியும் வேண்டும். கற்பூரமும் நெய்ப்பந்தமும் ஏற்றியதும் புகை எச்சரிக்கை மணி அலறி, தேவாரம் பாதியில் நின்று, தீயணைப்பு வண்டி வந்து நிற்பது நடக்கிற கதைதான். சடங்கு நேரத்தில் அந்த மணியை முறைப்படி நிறுத்திவைக்கும் ஏற்பாட்டையும், மேலே புகைபோக்கியையும் வடிவமைப்பிலேயே சேர்க்கலாம். சடங்குக்கான சுண்ணப்பொடி இடிக்க உரலும் உலக்கையும் வைக்க ஒரு மூலை வேண்டும். வாய்க்கரிசி போட முந்நூறு பேர் வரிசையாக வந்து மறுபக்கம் வெளியேற இரண்டு வாசல் வேண்டும். அரை மணி, முக்கால் மணி என்று வாடகைக்கு விடும் நேரம் நமக்குப் போதாது. இரட்டை நேரத்தை நியாயமான கட்டணத்தில் கேளுங்கள். பறை அடிக்கும் குடும்பங்கள் உண்டென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அந்த ஓசை பக்கத்தில் நடக்கும் அடக்கத்தைக் குலைக்காதபடி கூடத்தின் வாசல் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பது கட்டுமுன் யோசிக்க வேண்டிய விஷயம்.

கழுவுமிடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மாவோரிகள் வெளியேறும்போது கை கழுவுகிறார்கள். யூதர்களும் அப்படியே. முஸ்லிம்களுக்கு இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்கு முன் ஒளூச் செய்ய, அதாவது கை, முகம், கால் கழுவ, நீர் வேண்டும். நாம் காலும் கழுவ வேண்டும். ஆனால் பெரும்பாலான மயானங்களில் இதற்கென்று வாயிலோரம் தோட்டத்துக் குழாய் ஒன்றுதான் இருக்கும். உங்கள் மறுவடிவமைப்பில் ஒரே ஒரு பொது இடத்தை நன்றாகச் செய்யப் பணம் இருக்கிறது என்றால் அது இதுவாக இருக்கட்டும். பல குழாய்கள், சில உயரத்தில், சில உட்கார்ந்து கால் கழுவும் தாழ்வில், மழைக்கு மேலே கூரை, நீர் போய்ச் சேர ஒரு செடிப்படுகை. ஆனால் இந்த யோசனையை நீங்கள் கூட்டத்தில் முன்வைக்காமல், மாவோரிப் பிரதிநிதியிடம் தனியே சொல்லி, அவர் விரும்பினால் அவர் வாயால் வரட்டும். வாயிலில் நீர் எப்படி இருக்க வேண்டும் என்பது அவர்கள் முறைப்படி அமைவதுதான் சரி. நாம் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நாள்காட்டியையும் கொண்டுபோங்கள். ஆடி அமாவாசை ஆக்லாந்தில் நடுக்குளிர், மழை. விரதமிருக்கும் வயதானவர்கள் நனையாமல் நிற்க இடமுண்டா? கல்லறைத் திருநாளுக்கு நவம்பர் 2 அன்று கத்தோலிக்கத் தமிழர்களும் பிலிப்பினோக்களும் மெழுகுவர்த்தி ஏற்ற வருவார்கள். அந்த மாதத்தில் எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும், இருட்டும் நேரத்தில் வாயில் பூட்டியிருக்கும். முஸ்லிம்கள் காலதாமதமின்றி அடக்கம் செய்ய வேண்டும், சனி ஞாயிறு பார்க்க முடியாது. சனிக்கிழமை என்றால் நமக்கும் தனிக் கவலை உண்டு, 'சனிப்பிணம் தனிப்போகாது' என்று யாராவது ஒரு கிழவி சொல்லாமல் இருக்க மாட்டாள். ஊழியர் நேரம், வாயில் நேரம், அலுவலக நேரம் இவையெல்லாம் கட்டடத்தைவிட முக்கியமானவை. வடிவமைப்பாளர்களான நாங்கள் அதை ஒப்புக்கொள்ள விரும்புவதில்லை.

மாவோரிகளுக்காக அந்தத் திட்டத்தில் என்ன செய்யப் போகிறார்கள் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும், அது உங்கள் வேலை இல்லை என்று தோன்றினாலும். வாயில் தூணில் சுருள் வடிவம் செதுக்கிவிட்டுக் கடமை முடிந்தது என்பவர்கள் உண்டு. தே அராங்கா என்ற பெயரில் மாவோரி வடிவமைப்பாளர்கள் வகுத்த ஏழு நெறிகளை ஆக்லாந்து மாநகராட்சி தானே பரிந்துரைக்கிறது. அவற்றில் முதலாவது, முடிவெடுக்கும் மேசையில் மண்ணுக்கு உரியவர்களுக்கு உள்ள இடத்தைப் பற்றியது. சிற்பமும் சின்னமும் பிறகுதான். அவர்களை உங்களோடு சேர்த்து 'பத்துச் சமூகங்களில் ஒன்று' என்று உட்காரவைத்திருந்தால் அந்தக் குழுவே தவறாக அமைந்திருக்கிறது. முதலில் அவர்களும் மாநகராட்சியும் பேசி முடிக்க வேண்டும், அதன்பின் நாம். இதை நீங்களே கூட்டத்தில் எழுந்து சொன்னால் உங்கள் மற்ற கோரிக்கைகளுக்குக் காது திறக்கும்.

இன்னொன்று. ஆக்லாந்தில் மண்ணுக்கு உரியவர்களாக 19 குழுக்களை மாநகராட்சி அங்கீகரித்திருக்கிறது. ஆனால் அங்கே வாழும் மாவோரிகளில் பலர் வேறு பகுதிகளிலிருந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வேலை தேடி நகரத்துக்கு வந்த குடும்பங்கள். ஒருவர் நகரத்தில் இறந்தால், உடலை ஊர் மராய்க்குக் கொண்டுபோவதா, மனைவி மக்கள் இருக்கும் இடத்திலேயே அடக்குவதா என்று குடும்பம் இரண்டாகும். அப்படி ஒரு வழக்கு 2012இல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மாவோரி முறையைக் கருத்தில் கொள்ள வேண்டும், ஆனால் முடிவெடுக்கும் உரிமை உயில் நிறைவேற்றுபவருக்கே என்று தீர்ப்பானது. ஊருக்குப் போக முடியாத இறந்தவர் பற்றிய வேதனை புலம்பெயர்ந்த நமக்கு மட்டும் உரியது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

திட்டத்தில் எங்கேனும் பழைய கல்லறைகளை அகற்றி இடம் பெறுவது என்று இருந்தால் அதைக் கடுமையாக எதிர்க்கலாம். 1960களில் நெடுஞ்சாலைக்காக சைமண்ட்ஸ் தெரு மயானத்திலிருந்து நான்காயிரத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்களைத் தோண்டி மாற்றியதை ஆக்லாந்து இன்னும் மறக்கவில்லை. 1900க்கு முந்தைய மனிதச் சுவடு உள்ள இடத்தைத் தொட 2014ஆம் ஆண்டின் பாரம்பரியச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். தோண்டும்போது பழைய எலும்பு தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு மாவோரிப் பெரியவர்களை அழைக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் இந்தத் தாமதத்துக்கும் சேர்த்துத்தான் காலக்கெடு போட்டிருக்கிறாரா என்று கேட்டுவையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பே ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்ய முடியுமா? கடிதம் எழுதி, அந்தப் பிரதிநிதியின் மராய்க்கு வந்து பெரியவர்களைக் காண விரும்புகிறோம் என்று கேளுங்கள். உங்கள் கொதிக்கும் பெரியவர்களையே கூட்டிக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், கோஹா என்ற காணிக்கை வழக்கம் உண்டு. வரவேற்பில் அவர்கள் தரப்புப் பேச்சாளர் எழுந்து முதலில் இறந்தவர்களை வணங்குவார், தங்கள் இறந்தவர்களையும் வந்திருப்பவர்களின் இறந்தவர்களையும் சேர்த்து. உங்கள் தரப்பில் ஒருவர் பதில் பேச வேண்டும். பேச்சு முடிந்ததும் பேசியவருக்குத் துணையாக அவர் தரப்பினர் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். அங்கே திருதிருவென்று விழிக்காமல், எல்லோருக்கும் தெரிந்த ஒரு தேவாரத்தை முன்கூட்டியே பாடிப் பழகிக்கொண்டு போங்கள். யார் பேசலாம், எங்கே உட்காரலாம், பெண்கள் பேசும் முறை என்ன என்பது இடத்துக்கு இடம் மாறும். முதல் நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள். அன்று கோரிக்கை எதையும் எடுக்க வேண்டாம். படித்துறையைக் கைவிட்டுவிட்டோம் என்பதை மட்டும் உங்கள் பெரியவர் வாயாலேயே சொல்லட்டும்.

மாநகராட்சி முதல் வரைபடத்தைத் தந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அழகான படங்களை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். வடிகால் பக்கமும் தகன மண்டபத்தின் உள்ளளவுகளும் கட்டாயம் வேண்டும்.